வாசல் நிலைக்கு வேம்பா, வேங்கையா, தேக்கா?

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி இதுதான்: நத்தம் பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள். தோட்டத்தில் தாத்தா காலத்து வேம்பு இரண்டு, பூவரசு ஒன்று, காய்ப்பு நின்றுபோன பலா ஒன்று நிற்கின்றன. ஆசாரி “நிலைக்கு வேங்கை போடுங்கள்” என்கிறார். மரக்கடைக்காரர் ஆப்பிரிக்கத் தேக்கைக் காட்டுகிறார். மாமனாரோ “வேம்பை வெட்டினால் போதும், கரையான் அண்டாது” என்கிறார். இவற்றில் எதுதான் வலுவான மரம்?

மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமை உள்ளவர்கள் காரணங்களையும் படிக்கலாம். உள் நிலைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் உங்கள் வேம்பு போதும், வைரப்பகுதியை, அதாவது மரத்தின் உள்ளே நிறம் ஏறிய பகுதியை, மட்டும் எடுத்து நன்றாக உலர்த்தினால். வாசல் நிலைக்கு, கையில் பணம் இருந்தால் வேங்கை. வாசல் கதவுக்குத் தேக்கு. உள் கதவுகளுக்குப் பலாவும் பூவரசும். குளியலறைக் கதவுக்கு மரமே வேண்டாம்.

இனி “வலுவான மரம்” என்ற பேச்சுக்கு வருவோம். உங்கள் வீட்டு நிலை எந்தப் பாரத்தைச் சுமக்கப்போகிறது? அதன் தலைக்கு மேல் கான்கிரீட் லிண்டல் ஓடுகிறது. சுவரின் எடை முழுவதும் அந்த லிண்டலின் மேல்தான். நிலைக்கால் தாங்குவது கதவின் எடையையும், கோபத்தில் அதை அறைந்து சாத்துகிறவரின் வேகத்தையும் மட்டுமே. அந்த வேலைக்கு நம் ஊர் நாட்டுமரங்களில் பெரும்பாலானவை போதும். ஓட்டுக்கூரைக்கு உத்திரம் போட வேண்டுமென்றால் வலுவைப் பற்றிப் பேசலாம். கதவு, ஜன்னல் என்று வரும்போது கேட்க வேண்டியவை வேறு இரண்டு: அந்த மரம் இருந்த இடத்தில் அசையாமல் இருக்குமா? பூச்சிக்கும் ஈரத்துக்கும் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்? வலு, அசையாமை, ஆயுள் ஆகிய மூன்றும் தனித்தனிக் குணங்கள். ஒன்று இருப்பதால் மற்றொன்று இருந்தாக வேண்டும் என்பதில்லை.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக ஒரு முறையைப் பின்பற்றுகிறது. தேக்கை 100 என்று வைத்துக்கொண்டு எடை, வலு, விறைப்பு, கடினம், வடிவம் மாறாமை என ஒவ்வொரு குணத்துக்கும் மற்ற மரங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். கடினத்தில் கோங்கும் கருமருதும் தேக்கை எளிதாகத் தாண்டிவிடும். வடிவம் மாறாமை என்ற பத்தியில்தான் பெரும்பாலான மரங்கள் பின்தங்கும். தேக்கின் பெருமை அந்தப் பத்தியில் இருக்கிறது, அதன் கடினத்தில் அல்ல. தேக்கு உண்மையில் நடுத்தரக் கடினமுள்ள மரம்தான். நகத்தால் முடியாவிட்டாலும் சாவியால் அழுத்திக் கீறினால் தடம் விழும்.

எடையைப் பற்றி ஒரு சின்ன விளக்கம். எந்த மரத்தை எடுத்தாலும் அதன் உயிரணுச் சுவர் ஏறக்குறைய ஒரே பொருளால் ஆனது: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். அந்தச் சுவரை மட்டும் தனியே எடுத்து நிறுத்தால், இலவமானாலும் கருங்காலியானாலும், ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,500 கிலோ. வேறுபடுவது உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் அளவு. உலர்ந்த தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. அதாவது பாதிக்கு மேல் காற்றுதான். வேங்கை சுமார் 800. கோங்கு 900-ஐத் தாண்டும். இலவம் 400-க்குக் கீழே. எடை கூடினால் பொதுவாக வலுவும் ஆணி பிடிக்கும் தன்மையும் கூடும். ஆனால் கனமான மரம் சுருங்கும்போது அதிகமாகச் சுருங்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். “கனமா இருக்கு சார், இரும்பு மாதிரி” என்று கடைக்காரர் சொல்வதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரங்களில் அந்தக் கனம் மரத்தின் கனமே அல்ல, தண்ணீரின் கனம்.

தண்ணீர்தான் இந்த விஷயத்தில் முக்கால் பங்கு. மரம் தவறு என்று பழி சுமத்தப்படும் கதவுகளில் பெரும்பாலானவற்றில் தவறியது ஈரம்.

புதிதாக வெட்டிய மரத்தில் இருக்கும் தண்ணீரின் எடை, உலர்ந்த மரத்தின் எடையில் 60 முதல் 100 சதவீதம் வரைகூட இருக்கும். இது இரண்டு இடங்களில் இருக்கிறது: உயிரணுக்களின் குழிக்குள் குடத்துத் தண்ணீர்போல ஒரு பகுதி, சுவருக்குள் ஊறிய பகுதி ஒன்று. உலரும்போது குழித் தண்ணீர் முதலில் போகும். அதுவரை மரம் இலேசாகிக்கொண்டே வரும், ஆனால் ஒரு நூல்கூடச் சுருங்காது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு சுவரில் ஊறிய தண்ணீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பம். ஆகவே பாதிக்கு மேல் தண்ணீர் போன ஒரு கட்டை, தொட்டால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும், சுருங்க வேண்டியதில் கால் பங்குகூடச் சுருங்காமல் இருக்கலாம். மேற்பரப்பைத் தடவிப் பார்த்து “காய்ந்துவிட்டது” என்று முடிவு கட்டுவதன் ஆபத்து இதுதான்.

சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. நீளவாட்டில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். வளையங்களைச் சுற்றிச் செல்லும் திசையில் எவ்வளவோ, மையத்திலிருந்து ஓரம் நோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதி. வெட்டிப்போட்ட அடிமரத்தின் முகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆப்பு வடிவில் வெடிப்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு திசைகளின் இழுபறிதான் அது. மரத்தின் நடு மையம் உள்ளே மாட்டியிருக்கும்படி அறுத்த கட்டை என்றைக்காவது வெடித்தே தீரும். நிலைக்கு அதை வாங்காதீர்கள்.

கணக்கு வேண்டுமா? தேக்கு, வளையச் சுற்றுத் திசையில், பச்சையிலிருந்து முழு உலர்வு வரை சுமார் 5.5 சதவீதம் சுருங்கும். ஓர் அடி அகலப் பலகை 22 சதவீத ஈரத்தில் கதவாகி, வீட்டுக்குள் வந்து 12 சதவீதத்துக்கு உலர்ந்தால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குறுகும். தேக்குக்கே இந்தக் கதி. முழுச் சுருக்கம் எட்டு, ஒன்பது சதவீதம் உள்ள கனத்த மரங்களில் எட்டு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். நான் முதலில் கட்டிய வீட்டில் இதை என் காசில் கற்றுக்கொண்டேன். கடையில் “ஒரு வருஷம் காய்ந்த தேக்கு” என்றார்கள். ஐப்பசியில் கதவு மாட்டினோம், கச்சிதமாக உட்கார்ந்தது. பங்குனியில் பலகைகளுக்கு இடையில் ஐந்து ரூபாய் நாணயத்தை நுழைத்து எடுக்கலாம். அடுத்த மழையில் அதே கதவு இறுகிக்கொண்டு தோளால் இடித்தால்தான் திறந்தது. மரம் நல்ல தேக்குதான். நான் ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும் கருவி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. கதவுக்கு 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எடுங்கள், 18 காட்டினால் காத்திருங்கள்.

பழைய ஆசாரிகள் கருவி இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள். கதவுச் சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையை அந்தக் காடிக்குள் பசை போடாமல் சும்மா உட்காரவைப்பார்கள். பலகை வெயிலில் சுருங்கி மழையில் பருத்துக் காடிக்குள் போய்வரும், சட்டம் அசையாது. இந்தக் காலத்தில் “சார், கெட்டியா இருக்கட்டும்” என்று அந்தப் பலகைக்கும் பசை போட்டு ஆணியும் அடித்துவிடுகிறார்கள். போக இடமில்லாத பலகை நடுவில் பிளக்கிறது. பிறகு மரத்தைத் திட்டுகிறோம்.

அடுத்தது வைரம். கரையானைப் பற்றி உங்கள் மாமனார் சொன்னதற்குப் பதில் இங்கே இருக்கிறது. உயிரோடு நிற்கும் மரத்தில் வெளிப்புறத்து வெளிறிய பகுதி வேரிலிருந்து நீரை ஏற்றுகிறது, மாவுச்சத்தைச் சேமிக்கிறது. ஆசாரிகள் இதை ‘வெள்ளை’ என்பார்கள். மரம் வயதாக ஆக உள்பகுதி அந்த வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறது. ஓய்வு பெறும்போது எண்ணெய், பிசின், துவர்ப்புப் பொருள்களை அதில் நிரப்பிவிட்டுப் போகிறது. நிறம் ஏறுகிறது. அதுவே வைரம், சேகு, பழந்தமிழில் காழ். கரையானுக்குப் பிடிக்காதது இந்தச் சரக்குதான். வெள்ளைப் பகுதியில் அது கிடையாது, பதிலுக்கு மாவுச்சத்து இருக்கிறது. ஆகவே எந்த மரமானாலும், தேக்கோ வேம்போ, வெள்ளை கரையானுக்கும் உளுக்கவைக்கும் வண்டுக்கும் விருந்து. “தேக்கையே கரையான் அரித்துவிட்டது” என்று யாராவது சொன்னால் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் வெள்ளையைத்தான் அரித்திருக்கும். வைரம் ஓடுபோல நின்றுகொண்டிருக்கும்.

ஆயுளைச் சோதிக்க டேராடூனில் மரக்கட்டைகளை மண்ணில் புதைத்துவைத்து எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். ‘கல்லறைச் சோதனை’ என்றே அதற்குப் பெயர். சராசரியாக 120 மாதம் தாண்டினால் முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாவது, அதற்கும் கீழே மூன்றாவது. மண்ணில் புதைத்த கணக்கு இது என்பதை மறக்க வேண்டாம். கூரைக்கடியில் உலர்ந்து நிற்கும் கட்டை அதைவிட எத்தனையோ மடங்கு வாழும். மாமரம் மூன்றாம் வகுப்பு ஆள். சென்டரிங் பலகைக்கும் பெட்டிக்கும் சரி, வீட்டுக்குள் கூப்பிடாதீர்கள்.

இந்தக் காழ் விஷயத்தில் ஒரு சிறு விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பிய மரபியல் “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப” என்கிறது. வைரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரமாகத்தான் வைக்கிறது. பனையை அறுத்துப் பார்த்தால் வெளிவட்டத்தில் கருத்த நார்கள் நெருங்கி இரும்பாக இருக்கும், நடுவில் சோறு. அதனால்தான் பனஞ்சட்டத்தை வெளிப்பக்கத்திலிருந்து பிளந்து எடுத்துக் கைமரமாகப் போட்டார்கள். தேக்கை அறுக்கிற கண்ணோடு பனையை அறுத்தால் கையில் மிஞ்சுவது சோறுதான்.

இனி தேக்கு. மரக்கடைக்காரர் காட்டியது ஆப்பிரிக்கத் தேக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் இரண்டு விதமான சரக்கு வருகிறது. ஒன்று கானா போன்ற நாடுகளின் தோட்டங்களில் நட்டு வளர்த்த உண்மையான தேக்கு. மற்றொன்று தேக்கே அல்லாத வேறு மரம், விற்பதற்காகத் தேக்கு என்று பெயர் சூட்டியது. எது என்று கண்டுபிடிக்க, வெட்டுமுகத்தைக் கூரான கத்தியால் சீவிப் பாருங்கள். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் ஒரு வரிசையாகக் கட்டி நிற்கும். தடவினால் இலேசான எண்ணெய்ப் பசை. புதிதாகச் சீவிய இடத்தில் பதனிட்ட தோலின் வாசனை. சாயம் பூசியிருந்தால் ஒரு சீவலில் நிறம் மாறிவிடும்.

தோட்டத் தேக்கு வேகமாக வளர்ந்தது, அதனால் சொத்தை என்று ஊரே சொல்கிறது. இது பாதிதான் சரி. தேக்கில் வளையம் அகலமாக இருந்தால், வளரும் பருவத்தின் பிற்பகுதியில் உருவாகும் அடர்த்தியான கட்டையின் பங்கு கூடும். ஆகவே வேக வளர்ச்சி மட்டுமே வலுவைக் குறைத்துவிடாது. குறை வயதில் இருக்கிறது. 20, 25 வயதில் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு, அந்த வைரத்திலும் எண்ணெய் போன்ற பொருள்கள் முழுதாக ஏறியிருக்காது. ஆகவே நாட்டின் பெயரைக் கேட்பதைவிட அடிமரத்தின் சுற்றளவையும் வெள்ளையின் அகலத்தையும் பாருங்கள். நிலம்பூரில் மலபார் கலெக்டர் கனோலி 1840-களில் தொடங்கிவைத்ததும் தோட்டத் தேக்குதான். அங்கே மிஞ்சி நிற்கும் மரங்களை இன்று யாரும் சொத்தை என்று சொல்வதில்லை. பர்மா தேக்கு என்று இப்போது யாராவது மலிவாகக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. செட்டிநாட்டுத் தூண்களில் பார்க்கிற அந்தச் சரக்கு, பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைத்தால் உண்டு.

தேக்கின் இன்னொரு குணத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இரும்பும் தேக்கும் சண்டை போடாது. ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணியைத் தின்றுவிடும். தேக்கில் ஆணி துருப்பிடிப்பது மிகக் குறைவு. அதனால் கப்பல் கட்டுபவர்கள் இதைத் தேடினார்கள். மலபார் தேக்கால் பம்பாயில் கட்டி 1817-இல் வெள்ளோட்டம் விட்ட ‘டிரிங்கோமாலி’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அதற்கும் வெகு முன்பு, செங்கடல் கரையில் பெரெனிகே என்ற ரோமானியத் துறைமுகத்தில், உடைத்த கப்பல்களின் தேக்கை வீடு கட்டப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மறுபயன்பாட்டுத் தேக்கு வாங்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

வேங்கையைப் பற்றி உங்கள் ஆசாரி சொன்னது சரி. கனமும் ஆயுளும் உள்ள மரம். நிலைபோன்ற தடித்த கட்டைக்கு ஏற்றது. சீவலைத் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தால் நீலமாக மினுங்கும். வேங்கை என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி. முழுச் சான்று அல்ல, அதே இனத்தைச் சேர்ந்த வேறு சில மரங்களும் அப்படி மினுங்கும். ஓர் எச்சரிக்கை: பூச்சுவேலையின்போது நனைந்தால் வேங்கை மஞ்சள் கறை விடும். சுவருக்கு வெள்ளை அடிக்கும் முன்பே நிலைக்கு ஒரு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள். கோங்கும் நிலைக்கு நல்லது, ஆனால் இழைப்புளி பிடிக்கிறவர் உங்களை வாழ்த்தமாட்டார்.

இப்போது உங்கள் தோட்டம். வேம்பின் நார்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வளரும். இழைத்தால் ஒரு பக்கம் வழவழப்பாகும், மறுபக்கம் பிய்ந்துகொண்டு வரும். அகலப் பலகையாக அறுத்தால் முறுக்கும். ஐந்துக்கு மூன்று, நான்குக்கு மூன்று அங்குலக் கட்டைகளாக அறுத்தால் அந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது, வைரப்பகுதி பூச்சியையும் ஓரளவு தாங்கும். ஆகவே நிலை, ஜன்னல் சட்டம் மட்டும். பூவரசு நேர்மாறு: சுருக்கம் குறைவு, நார் நெருக்கம், செம்பழுப்பு நிற வைரம். ஆனால் வயதான பூவரசில் உள்ளே பொந்து இருக்கும் வாய்ப்பு அதிகம். தட்டிப் பாருங்கள், பறைபோல ஒலித்தால் ஜன்னல் கட்டங்களுக்கு மட்டும் கணக்கிடுங்கள். பலா உங்கள் தோட்டத்தின் புதையல். காய்ப்பு நின்ற மரம் என்றால் வைரம் பெரிதாக இருக்கும். அறுக்கும்போது மஞ்சளாக இருந்து சில ஆண்டுகளில் தேன் நிறத்துக்கு வரும். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் அது. பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயமும் அதன் சீவலிலிருந்துதான் எடுத்தார்கள். உள் கதவுகளுக்கு அதை விடாதீர்கள். கடைக்காரர் “பலாவை எனக்குக் கொடுங்கள், தேக்கில் கழித்துக்கொள்கிறேன்” என்று சொன்னாலும்.

வாங்குவதில் ஒரு கணக்கு. உருட்டுமரத்தை நாட்டில் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தாலும் பெருக்கி அளப்பார்கள். நான்கு அடிச் சுற்றளவும் பத்து அடி நீளமும் உள்ள மரம் 10 கன அடி. உண்மைக் கொள்ளளவு 12.7 கன அடிக்கு மேல். பட்டையும் சிராயும் கழிவும் போகட்டும் என்று விட்டுக்கொடுத்த அளவு அது. அறுத்த சைஸில் அந்தச் சலுகை கிடையாது. ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்துக்கு நான்கு அங்குலக் கட்டையில் ஒரு வாசல் நிலை என்றால் 21 அடி ஓட்டம், அது 2.9 கன அடி. கடைக்காரர் நான்கு கன அடி என்றால் எங்கே போனது என்று கேளுங்கள். விலை பேசும்போதே “வெள்ளை இல்லாமல்” என்று எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்டால் வெள்ளைக்கும் வைரத்துக்கும் ஒரே விலை கொடுப்பீர்கள்.

வெட்டிய பிறகு செய்ய வேண்டியது. முன்பு வெட்டிய மரத்தைக் குளத்தில் ஊறப்போடுவார்கள். மூடநம்பிக்கை அல்ல; ஊறும்போது மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து வெளியேறி, உளுக்கவைக்கும் வண்டுக்கு இரை இல்லாமல் போகும். குளம் இல்லையென்றால், அறுத்தவுடன் போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த நீரில் ஊறவையுங்கள். அந்த மருந்து வெள்ளைப் பகுதிக்குள் எளிதாக இறங்கும், வைரத்துக்குள் அவ்வளவாக இறங்காது, தேவைப்படுவதும் வெள்ளைக்குத்தான். மழையில் கரைந்துவிடும் மருந்து என்பதால் வெளியே நனையும் கட்டைக்கு இதை நம்ப வேண்டாம்.

நிலைக்காலைத் தரைக்குள் புதைக்காதீர்கள், கல்படியின் மேல் உட்காரவையுங்கள். கட்டையின் வெட்டுமுகம் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் குடிக்கும். பெயிண்ட் அடிப்பவர்கள் மறக்கிற இடமும் அதுதான். கதவின் அடிவிளிம்பை மாட்டுவதற்கு முன்பே பூசிவிடச் சொல்லுங்கள்.

அறுத்த கட்டைகளின் இரண்டு முனைகளிலும் பழைய பெயிண்ட்டையாவது தடவி, நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரே கனத்துச் சட்டங்களை நேருக்கு நேராக வைத்து அடுக்குங்கள். மேலே பாரம் ஏற்றுங்கள். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் மேல்தோல் வெடிக்கும். ஓர் அங்குலப் பலகைக்குச் சில மாதங்கள், நிலைக்கட்டைக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். ஒரு துண்டில் பென்சிலால் தேதி எழுதி மாதம் ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துவாருங்கள். மழைக்காலம் அல்லாத மாதங்களில் இரண்டு மூன்று முறை தொடர்ந்து எடை குறையாமல் நின்றால், அன்றைக்கு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.